ஏசியை அணைத்தால்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் எங்கள் வட்டாரப் பத்திரிகைக்கு, வெயில் ஊரில் வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். உட்கார்ந்தேன்.

'முதலாவதாக, கூரையின் நிறம். வெளிர்நிறக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். கரிய கூரையோ—'

(சே! எனக்கே கொட்டாவி வருகிறது.)

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இரினி வந்து, வீடு பார்க்கப் போன கதையைச் சொன்னாள். கட்டுரை அம்பேல்.

2.

இரினியின் கணவன் மனோலி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். பகலில் தூங்கியாக வேண்டும். வாடகை வீட்டுப் புழுக்கம் விட்டால்தானே? போன மாதம் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து ஒரு வேலியில் மோதிவிட்டான். இவன் நிம்மதியாகத் தூங்க ஒரு வீடு வாங்கியே தீருவது என்று அன்றைக்கே இரினி முடிவுகட்டினாள்.

முதல் வீடு புத்தம் புதுசு. கரிய கூரை. மேற்கே பார்த்து ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். உள்ளே குளுகுளு.

"போர்வை கேக்கும் போலிருக்கே!" மனோலிக்கு வாயெல்லாம் பல்.

இரினி தரகர் ப்ரெட்டிடம் திரும்பினாள். "கொஞ்சம் ஏசியை அணைங்களேன்."

"எதுக்கும்மா?"

"நாங்க வீட்டைத்தானே வாங்க வந்திருக்கோம்? ஏசியையா?"

ப்ரெட் காலையிலேயே வந்து எல்லா ஏசியையும் போட்டுவைத்திருந்தான். வேண்டாவெறுப்பாக அணைத்தான். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகில் ஒட்டியது. மேற்குச் சுவர் தோசைக்கல்லாகச் சுட்டது.

"கூரைக்கடியில வெப்பத்தடுப்பு போட்டிருக்கா?"

"இருக்கும்னு நினைக்கிறேன்."

"நீங்க நினைச்சா எங்களுக்குக் குளிருமா?"

[இந்த இடத்தில் மனோலியை முட்டாளாக்கிவிடப் பார்த்தேன். இரினி விடவில்லை. "அவனுக்குத் தூக்கம்தான் இல்ல, அறிவு இருக்கு. ஒழுங்கா எழுதுங்க" என்றாள்.]

3.

இரண்டாவது வீடு பழசு. தூண்கள்மேல் நிற்கிறது. வெள்ளைத் தகரக் கூரை, சுவரில் வெயில் படாதபடி அகலமாக நீண்டிருக்கிறது. கூடத்தின் இரண்டு பக்கமும், சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர் ஜன்னல்.

படியேறுமுன்னே இரினி ஒரு தூணைத் தடவிப் பார்த்தாள். கிரேக்கத் தீவிலிருந்து வந்த அவள் அப்பா கட்டிய வீடும் இப்படித்தான். வீட்டுக்கு அடியில் அம்மா மீன் பொரிப்பாள், மழைநாளில் துணி காயும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும். அதை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் இரினி அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.

"உனக்கு உங்கப்பா வீடு வேணும். எனக்குத் தூக்கம் வேணும்" என்றான் மனோலி. "இந்த ஜன்னலெல்லாம் இடுக்கு இடுக்கா இருக்கு. ஏசி போட்டா தெருவுக்கே குளிரும்."

அவன் சொன்னதும் சரிதான். காற்றை விடுகிற ஜன்னல் குளிரையும் விட்டுவிடும்.*

_* கட்டுரையாக இருந்தால், 'படுக்கையறை ஒன்றை மட்டும் இறுக்கமாக அடைத்து ஏசி வைக்கலாம்' என்று எழுதியிருப்பேன். இரினிக்கும் அது தெரியும். அவனாக ஒத்துக்கொள்ளட்டும் என்று வீம்பு._

4.

முடிவு ஒன்று: பழைய வீட்டையே வாங்குகிறார்கள். (ரொம்ப இனிப்பு.)

முடிவு இரண்டு: புது வீட்டை வாங்கி, கரண்ட் பில் வந்ததும்— (மறுபடியும் கட்டுரை!)

நடந்தது இது. இரினி ப்ரெட்டோடு பின்பக்கம் போய்விட்டுத் திரும்பினாள். மனோலி கூடத்துத் தரையில், இரண்டு ஜன்னலுக்கும் நடுவே, ஷூகூடக் கழற்றாமல் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மேலே மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. அந்த வீட்டில் ஏசியே கிடையாது.

களைப்பா, காற்றா? இரவெல்லாம் விழித்தவன் பாறையிலும் தூங்குவான் என்று வாதாடலாம். இரினி குனிந்து அவன் நெற்றியைத் தொட்டாள். வேர்வை இல்லை.

"அடுத்த பார்ட்டி வந்துட்டாங்கம்மா" என்று கிசுகிசுத்தான் ப்ரெட். "எழுப்புங்க."

"நீங்களே எழுப்புங்களேன், பாப்போம்."

ப்ரெட் ஓரடி எடுத்து வைத்தான். அப்படியே நின்றான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று இரினி என்னிடம் சொல்லத்தான் செய்தாள். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவன் விழித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எத்தனை மாதத்துத் தூக்கம் அது! முடிவு வேண்டுமென்றால் நீங்களே அவன் தோளைத் தொட்டு உலுக்கிக்கொள்ளுங்கள். எனக்கு மனசு வரவில்லை.