உசுகிக்குப் பல் கட்டிய கதை

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. ஜப்பானுக்கு வந்து தலை நரைக்கும்வரை இருந்துவிட்டேன். ஊர்ப் பல்லெல்லாம் இங்கேதான் ஒவ்வொன்றாக விழுகிறது. எங்கள் தெருப் பல் மருத்துவர் என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டபடி, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல, ஒரு விஷயம் சொன்னார்: "முன்ன ஜெயில்ல ஒரு தூக்குக் கைதிக்குப் பல்செட் கட்டினேன். குடுக்க முடியல." வாய் திறந்திருந்ததால் ஏன் என்று கேட்க முடியவில்லை. மூடிய பிறகு துணிவில்லை.

மிச்சமெல்லாம் என் கற்பனை. சிறையும்தான். தூக்குமேடை உள்ள சிறைகள் இந்த நாட்டில் ஏழு என்பார்கள். இது நான் கட்டிக்கொண்ட எட்டாவது.

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு காலையில், உசுகி தன் வாழ்வின் கடைசி—"

வேண்டாம். ஜப்பான் என்றால் உடனே பனியா? தவிர, 'கடைசி' என்ற சொல் உசுகிக்கே தெரியாதபோது எனக்கு மட்டும் எப்படித் தெரியலாம்?

இரண்டாம் தொடக்கம்: "உசுகி குற்றமற்றவர்."

இதையும் அடித்தேன். குற்றமற்றவரைத் தூக்கிலிடக் கூடாது என்று சொல்ல ஒரு கதை எதற்கு? தூக்கிலிடுகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். என் உசுகி கொலைகாரர். மதுக்கடை ஒன்றில் திருடப் போய், விழித்துக்கொண்ட கணவனையும் மனைவியையும் கொன்றவர். அவர்களுக்கு ஒரு மகள் உண்டு. (அவளைப் பேசவைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் பல்லில்லாத கிழவருக்காக நீங்கள் இரங்கும்போதெல்லாம் அவளும் பக்கத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.)

2

பல் மருத்துவர் குரதானி மாதம் ஒருமுறை அந்தச் சிறைக்குப் போவாள். உசுகி மனுப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, அவள் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். மேல்வரிசை மொட்டை.

"என்ன சாப்பிடறீங்க?"

"கஞ்சி, டாக்டர். நேத்தும் கஞ்சி. நாளைக்கு இருந்தா, நாளைக்கும் கஞ்சி."

கதவோரம் நின்ற காவலர் இனோகுமா தொண்டையைச் செருமினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கேட்டதுக்குத்தான் சொன்னேன், ஐயா. கொஞ்சம் கூட வந்துடுச்சு. பல்லில்லாத வாய்க்குக் கதவு ஏது?"

நாளைக்கு இருந்தா என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. தூக்கு என்றைக்கு என்று இங்கே முன்கூட்டிச் சொல்வதில்லை. காலையில் காலடிச் சத்தம் கதவைத் தாண்டிப் போய்விட்டால் அன்றைய நாள் கைதியுடையது. கதவருகே நின்றுவிட்டால், கூடிப்போனால் ஒரு மணி நேரம். குடும்பத்துக்கு எல்லாம் முடிந்த பிறகு சொல்வார்கள். முன்பே சொன்னால் கைதியின் மன அமைதி கெடும் என்பது அதிகாரிகள் தரும் விளக்கம்.*

(* இந்த வரியைக் கேலியாக எழுதப் பார்த்தேன். நான் சேர்க்க ஒன்றுமில்லை.)

"பல்செட்டு ரெடியாக எத்தனை நாளாகும், டாக்டர்?"

"அச்சு எடுக்கணும், மெழுகுல வெச்சுப் பாக்கணும், அப்புறம் ராவிச் சரிபண்ணணும். அஞ்சாறு தடவை வரணும்."

உசுகி விரல்களை மடக்கினார். "அப்போ அரை வருஷத்துக்கு நம்மள விட்டுவெப்பாங்க. இல்லாட்டி எதுக்கு அனுமதி குடுத்தாங்க?"

குரதானி இனோகுமாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். வெளியே நடக்கும்போதுதான் சொன்னார்: "பல்லுக்குக் கையெழுத்துப் போடறது வைத்தியப் பிரிவு. மத்ததுக்குப் போடறவங்க எங்கேயோ மேல. இவங்க அவங்களைக் கேக்கமாட்டாங்க, டாக்டர்."

கேட்டுக்கொண்டாள், ஆனால் கிழவரின் கணக்குத்தான் மனசில் ஒட்டிக்கொண்டது. இந்த நாட்டில் தொட்ட வேலையைப் பாதியில் விடுவது மானக்கேடு. தெருவில் பள்ளம் தோண்டினால்கூட, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று பலகை வைத்து, முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஆகவே அரைகுறைப் பல்லோடு ஒரு மனிதரைத் தூக்கில் போடமாட்டார்கள் என்று குரதானி நம்பினாள். இப்படியொரு தப்புக்கணக்குப் போட இந்த ஊர்க்காரியால்தான் முடியும்.

3

ஆகவே அவள் பல்லை முடிக்கவில்லை.

ஒரு மாதம் அச்சு சரியில்லை என்றாள். அடுத்த மாதம் ஈறு வீங்கியிருக்கிறது என்றாள். பிறகு நிறம் ஒத்துவரவில்லை. புத்தாண்டுக்கு எல்லாக் கைதிகளுக்கும் விசேஷச் சாப்பாடு வந்தது. உசுகி இனிப்புப் பயறை மட்டும் வாயில் ஊறவைத்துச் சப்பினார். சோயா தடவிச் சுட்ட கெட்டியான அரிசி வில்லையான செம்பே ஒரு பொட்டலம், பல் வந்ததும் கடிக்கவென்று வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்.

"காலடி தாண்டிப் போனதும் அந்தப் பொட்டலத்தைத் தடவிப் பாக்கறான், டாக்டர்," என்றார் இனோகுமா. "தினமும்."

"பிப்ரவரியில் குரதானி அந்தப் பற்களை எடுத்து—"

"மார்ச் மாதம் செர்ரி மொட்டு விடும்போது குரதானி—"

எனக்கும் முடிக்க மனம் வரவில்லை. எழுதி முடிக்காதவரை உசுகி உயிரோடு இருக்கிறார். அவளும் நானும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

4

கதையை நகர்த்தியது உசுகிதான்.

"டாக்டர், இந்தப் பல்லு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, இல்ல?"

"இன்னும் கொஞ்சம் ராவினா நல்லா உக்காரும்."

"நான் கூரைக்கு ஓடு மேஞ்சவன். வேலை முடிஞ்சப்புறமும் மேல உக்காந்து தட்டிட்டிருக்கறவனைக் கீழே இருந்தே கண்டுபிடிச்சிடுவேன்."

அவள் பல் இருந்த பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"உங்க மனசு புரியுது. ஆனா பாருங்க, என் நாளை அவங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க. கேட்டா, உன் நல்லதுக்குத்தான்கறாங்க. இப்ப நீங்க பல்லை ஒளிச்சு வெச்சிருக்கீங்க. அதுவும் என் நல்லதுக்குத்தான்."

இனோகுமா இந்தத் தடவை செருமவில்லை.

"அந்த வீட்டம்மா கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னு கோர்ட்டுல படிச்சாங்க," என்றார் உசுகி. "நூடுல்ஸ். அரைக் கிண்ணம் மேசைமேல அப்படியே இருந்துச்சாம். மத்ததெல்லாம்கூட ஒரொரு நாள் மறக்குது. அது மறக்கல. பாதியில நிக்கறதை எனக்குக் காட்டாதீங்க, டாக்டர்."

குரதானி பெட்டியைத் திறந்து பற்களை எடுத்தாள். ஒரே தடவையில் பொருந்தின, பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும்.

அவரை அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார் இனோகுமா. அவளும் அவரும் நாலடி நடந்திருப்பார்கள். பின்னால், கதவுக்குள்ளிருந்து, 'கடக்' என்றொரு சத்தம்.

"சாப்பாட்டு நேரமில்ல இது," என்றார் இனோகுமா. திரும்பிப் போகவில்லை. சத்தம் ஓயும்வரை மெதுவாக நடந்தார்.

5

மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

அ. மறுநாள் காலடிச் சத்தம் நின்றது.

ஆ. நிற்கவே இல்லை. பகலில் படுக்க அனுமதியில்லாத அதே அறையில், யாரோடும் பேச வழியில்லாமல், உசுகி நோயில் செத்தார்.

இ. சட்டம் மாறியது.

வாசகரே, நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கும்பிடு போடுவதாக இருந்தேன். அப்போது அந்தப் பொத்தான்கள் நினைவுக்கு வந்தன. தூக்கறைச் சுவருக்குப் பின்னால் மூன்று பொத்தான்கள் உண்டு. மூன்று காவலர்கள் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். ஒன்றுதான் தரையைத் திறக்கும், எது என்று யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் 'நானாக இருக்காது' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். (இனோகுமாவும் ஒருமுறை அழுத்தியவர். அன்று அவர் சுவரைப் பார்த்தது அதனால்தான்.)

மூன்று முடிவை உங்கள் முன்னால் பரப்பிவிட்டு நான் நழுவுவதும் அதேதான். ஆகவே தரமாட்டேன். எனக்குத் தூக்கு வேண்டாம். அந்த மகள், தூக்கு வேண்டும் என்று சொன்னால், அவளோடு வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் நாள் தெரியாத அத்தனை காலைகளையும் அவள் கேட்டிருப்பாளா என்று மட்டும் கேட்பேன். உசுகி செம்பே கடித்துக்கொண்டிருக்கிறார். கதையை அங்கேயே நிறுத்துகிறேன்.

இப்படி எழுதிவிட்டு, போன வாரம் பல் மருத்துவரிடம் போனேன். இந்தத் தடவை வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டேன்: "அந்தக் கைதிக்கு ஏன் பல்செட்டைக் குடுக்க முடியல?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"குடுத்திருக்கலாம்," என்றார். "தூக்குல போட்ட அன்னைக்கு, அது முடிஞ்சு ரெண்டு மாசமாகியிருந்துச்சு."

பிறகு விளக்கை என் முகத்துக்கு நேராக இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னார்.