முருகையா சொன்ன பதில்

சம்பந்தியம்மா மருதம்மாள் கொண்டுவந்த பட்டுப்புடவை மடிப்புகளில் பாச்சை உருண்டைகள் கிடந்தன. அவர் பாடாங் செராயில் இருக்கும் தம் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும், பிரேமாவதி அவற்றைப் பொறுக்கித் தூரமாய்க் கொண்டுபோய்ப் போட்டாள். யாராவது கேட்டால் அந்த வாடை தனக்குத் தலைவலி என்பாள். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் சொல்லிவந்தாள்.

உண்மை வேறு. மகன் கவியரசன் பிறந்தபோதே, அவனுக்கு ஜி சிக்ஸ் பிடி என்னும் குறை இருப்பதாகச் சொல்லி நர்ஸ் ஓர் அட்டை கொடுத்தார். சில மருந்துகளும் பாச்சை உருண்டையும் அவன் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அவற்றைத் தவிர்த்தால் எல்லாரையும்போல் வாழலாம். ஆனால், செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டும் அவள் கணவர் முருகையா அந்த அட்டையைக் கிழித்துப் போட்டார்.

"ரத்தத்துல கொறன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

கவியரசனிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் அவன் கழுத்தில் கட்டிகள் கிளம்பின. காய்ச்சல் விடவில்லை. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து ரத்தப் புற்று என்றார்கள். மணப்பெண் யோகேஸ்வரியும் அவள் அம்மா மருதம்மாளும் பதறியடித்து வந்து கட்டிலருகே நின்றார்கள்.

டாக்டர் ஷாந்தினி முருகையாவிடம் பொறுமையாகச் சொன்னார்.

"அங்கிள், இது கொணமாகுற வகைதான். ஆனா யூரிக் அமிலம் ரொம்ப ஏறிடுச்சி. கிட்னி தாங்காது. மிருகங்க ஒடம்புல அந்த அமிலத்தக் கரைக்கிற நொதி ஒண்ணு இருக்கு, மனுஷனுக்கு இல்ல. அதத்தான் மருந்தா ஏத்தப் போறோம். ஜி சிக்ஸ் பிடி கொற இருந்தா மட்டும் ஏத்தவே கூடாது. டெஸ்ட் ரிசல்ட் வர வரைக்கும் காத்திருக்க முடியாது. பொறந்தப்ப அப்படி ஏதாச்சும் சொன்னாங்களா?"

முருகையா மருதம்மாளைப் பார்த்தார். அவரும் பதிலுக்காக இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா, டாக்டர்."

பிரேமாவதி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். கணவர் முறைத்த முறைப்பில் அடங்கிப்போனாள். ஒரு மருந்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் கவியரசனின் சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. உதடுகள் நீலம் பாரித்தன. "மா, மூச்சு வாங்குது மா" என்றான். பிரேமாவதி வார்டு முழுக்கக் கேட்கும்படி அலறிக்கொண்டு ஓடி ஷாந்தினியின் கையைப் பிடித்தாள்.

"இருக்கு டாக்டர்! பொறந்ததுலேருந்தே இருக்கு! நாங்க பொய் சொல்லிட்டோம்!"

மருந்தை அப்போதே நிறுத்தினார்கள். பை பையாக ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அவன் இறந்துபோனான்.

கருமகாரியத்தன்று யோகேஸ்வரி வந்தாள். முருகையா அவள் முன் தலை குனிந்து நின்றார்.

"ஒங்கம்மா முன்னாடி எப்படிமா சொல்றது? கல்யாணத்த நிறுத்திருவாங்கன்னு பயந்துட்டேன்."

"நிறுத்தியிருப்பாங்க மாமா. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரு உசுரோட இருந்திருப்பாரு."

முருகையா வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"எம்புள்ளய மருந்து கொல்லல, டாக்டரும் கொல்லல. நான்தான் கொன்னேன். ஒங்க புள்ளைங்களுக்கு ஏதாச்சும் கொற இருந்தா அதுங்ககிட்ட சொல்லுங்க, டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. சம்பந்தம் போனா போவட்டும். மறைச்சா மானம் தங்கும்னு நெனச்சேன். எம்புள்ள தங்கல."