தச்சரின் இடது கண்

சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டிப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய டீச்சரிடம் அவள் அக்கா கேட்டாள்: "இங்க இருக்கிற பிள்ளைங்க எல்லாம் படிச்சு முடிச்சிட்டாங்களாடி?"

அவள் போய்ச் சேர்ந்த பள்ளிக்கு இரண்டே அறை. எண்பது பிள்ளைகளுக்கு ஒன்பது பெஞ்சு. முதல் நாளே டீச்சர் அங்கிருந்த பிரம்பை முறித்து அடுப்பில் போட்டாள். விறகு மிச்சம் என்று பள்ளிச் சமையல்காரர் சிரித்தார்.

நான்காவது மாதம் ஒரு காலை, பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது ஊர்த் தச்சர் விறுவிறுவென உள்ளே வந்து தன் மகளின் சடையைப் பிடித்து இழுத்தார். பட்டறைக்கு ஆள் இல்லையாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெஞ்சைக் கட்டிக்கொண்டது. கன்னத்தில் பளாரென்று விட்டார். அப்போதும் பிடி விடவில்லை என்றதும் விலாவில் உதைத்தார்.

"விடுங்கண்ணே, சின்னப்பிள்ளை!" என்று குறுக்கே பாய்ந்தார் சமையல்காரர். தச்சர் இடுப்பிலிருந்து சுத்தியலை உருவினார். ஒரே அடி. சமையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சரிந்தார். விரலிடுக்கில் ரத்தமும் இரண்டு பற்களும்.

உடைந்த நாற்காலியின் கால் எப்படித் தன் கைக்கு வந்தது என்று டீச்சருக்கு நினைவில்லை. முதல் அடி தோளில். சுத்தியல் கீழே விழுந்தது. தச்சர் இரண்டு கையையும் தூக்கினார். அவள் முகத்தில் அடித்தாள். மறுபடியும் முகத்திலேயே.

"டீச்சர், போதும்! எங்கப்பா செத்துடுவாரு!" அவள் முதுகில் தொங்கிய அந்தப் பிள்ளை, மணிக்கட்டைக் கடித்த பிறகுதான் கட்டை நழுவியது.

தச்சரின் இடது கண் போய்விட்டது. போலீஸ்காரர் சமையல்காரரின் தாடையையும் பார்த்துவிட்டு, "சரிக்குச் சரியாப் போச்சு" என்று கிளம்பினார். தெருவில் எல்லோரும் டீச்சரைப் பாராட்டினார்கள்.

அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். "சுத்தியல் விழுந்ததுமே நிறுத்தியிருக்கலாம்க்கா. நிறுத்தல. அடிக்க அடிக்க நல்லா இருந்துச்சு."

"முதல்ல போய் அந்தப் பொண்ணப் பாருடி" என்றாள் அக்கா.

பட்டறை வாசலில் அந்தப் பிள்ளை பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. தலை நிமிரவில்லை.

"அப்பாவுக்கு அளவு சரியாத் தெரியல டீச்சர். நான்தான் பாக்கணும்."

"சாயங்காலம் நான் இங்கயே வந்து சொல்லித்தரட்டுமா?"

"வேணாம்."

"யாரும்மா அது?" உள்ளேயிருந்து தச்சர் கேட்டார்.

"யாருமில்லப்பா" என்றது பிள்ளை. ரம்பத்தை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, அறுக்கத் தொடங்கியது.