சும்மா சுற்றிய சக்கரம்

மாமா பணம் போட்டால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் அக்காவும் தம்பியும் அதை இழுத்து மூடிவிட்டு ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் குடிநீர் அலுவலகத்தில், புகார்களைத் தேடித் தரும் தங்கள் மென்பொருளைக் காட்டப் போனபோது அக்கா அவரையும் கையோடு அழைத்துப் போனாள். அரசாங்க ஒப்பந்தம் கிடைக்கிற கம்பெனியா இல்லையா என்று அவரே கண்ணால் பார்க்கட்டும்.

அதிகாரி ஒரு வீட்டு எண்ணைச் சொன்னார். தம்பி தட்டினான். திரையில் நீலச் சக்கரம் ஒன்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் அந்த வீட்டின் பழைய புகார்கள் வந்தன.

"என்னப்பா இது? எங்க கிளார்க் எழுந்து போய் ஃபைலையே எடுத்துட்டு வந்துருவாரு போல."

மாமா தொண்டையைச் செருமினார். போச்சு என்று நினைத்தாள் அக்கா. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், என்ன பண்ணி வச்சிருக்க?" என்று அவன் காதருகே பல்லைக் கடித்தாள்.

"பட்டுன்னு வந்தா, முன்னாடியே எழுதி வச்சதுன்னு நெனப்பாங்கக்கா. கஷ்டப்பட்டுத் தேடற மாதிரி இருக்கட்டுமேன்னு சக்கரத்தைப் போட்டேன். நெட் ஸ்லோன்னு சொல்லிடு."

சொல்லலாம்தான். அவளுக்கு வாய் வரவில்லை.

"சார், அந்தச் சக்கரம் பொய். சும்மா சுத்துது. இப்பவே எடுத்துடறோம்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "ஓடாததை ஓடுதுன்னு சொல்ற ஆளுங்களைத்தான் இத்தனை நாள் பாத்தேன். ஓடறதை ஓடலேன்னு காட்டினது நீங்கதான்."

தம்பி சக்கரத்தை எடுத்தான். இந்த முறை எண்ணைத் தட்டியதுமே புகார்கள் வந்து நின்றன. அதிகாரி புருவத்தைத் தூக்கினார்.

"இது முன்னாடியே எழுதி வச்சதா?"

"பாத்தியா?" என்று தம்பி முணுமுணுத்தான்.

"நீங்களே வந்து அடிங்க சார்" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள் அக்கா.

அவர் தன் வீட்டு எண்ணையே அடித்தார். தண்ணீர் வரவில்லை என்று அவர் மனைவி கொடுத்த மூன்று புகார்கள், ஒன்றும் தீராமல், பளிச்சென்று வந்தன. பின்னால் நின்ற கிளார்க் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"சரி சரி. ஒரு கிளை ஆபீஸ்ல ஆறு மாசம் ஓட்டிக் காட்டுங்க. நல்லா ஓடினா ஒப்பந்தம். இந்த ஆறு மாசத்துக்கும் சேர்த்து அப்ப பில் போட்டுக்கலாம்."

வாசல் படியிலேயே மாமா பிடித்துக்கொண்டார்.

"ஆறு மாசம் காசில்லாம வேலை. அப்புறம் பில்லு. அது என்னைக்குப் பாஸ் ஆகுமோ! இதுல எவன்மா பணம் போடுவான்?"

"நீங்க போட்டா முழு நேரமும் இதையே பாப்போம் மாமா. போடலேன்னா பகல்ல வேற வேலைக்குப் போயிட்டு சாயந்தரம் பாப்போம். எப்படியும் திங்கக்கிழமை ஆரம்பிக்கறோம்."

தம்பி அவளை வாய் பிளந்து பார்த்தான். மாமா திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

"எங்க மாமா போறீங்க?"

"பில் பாஸ் பண்ற ஆளு எந்த மேஜைல உக்காந்திருக்கான்னு பாத்துட்டு வரேன். என் பணம் எங்க போய் மாட்டிக்கப் போகுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"