கை தூக்காத ஆள்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன்.

பல்கலைக்கழகத்தில் நான் தற்காலிக ஆசிரியை. குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிச் சுத்தமாகிறது என்பது என் பாடம். அதற்குப் பொதுப் பாடம் என்ற தகுதி கிடைத்தால் எல்லாத் துறை மாணவர்களும் சேரலாம், வகுப்பு நிரம்பும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் பாடமும் இல்லை, நானும் இல்லை. முடிவு ஐந்து பேராசிரியர்கள் கொண்ட குழுவின் கையில் இருந்தது.

முன்பு நீரேற்று நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அதனால் பாதி வகுப்புகளை அங்கேயே நடத்துவதாகப் பாடத்திட்டத்தில் எழுதியிருந்தேன். குழுத் தலைவி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார்.

"இதெல்லாம் உங்க தனித்திறமைம்மா. பொதுப் பாடம்னா யார் வேணும்னாலும் நடத்துற மாதிரி இருக்கணும். எடுத்துடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

குழுவில் ஒருவரான புள்ளியியல்காரர், எதிரே இருந்தவர், விடவில்லை. "எதுக்கு எடுக்கணும்? பாடமே அதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் அதை எடுக்காமல் விட வேண்டும், அதையே காரணம் காட்டி என் பாடத்தைத் தள்ள வேண்டும். அவர் போடும் கணக்கு இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"எதிர்லயே உட்கார்ந்து எனக்குக் குழி தோண்டுறார்," என்றேன் வீட்டில்.

கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "குழி தோண்டுறவர் எதுக்கு எதிர்ல உட்காரணும்?"

அவருக்கு உலகம் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

முதலில் நிலைய வகுப்புகளைத் திட்டத்திலிருந்து எடுத்தேன். பிறகு தண்ணீர்ப் பரிசோதனை, தலைவி சொன்னபடி. பிறகு வால்வு திறப்பவரோடு ஒரு நாள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது பல்லைப் பிடுங்குவதுபோல வலித்தது. மிஞ்சியது ஒரு பாடநூலும் படங்களும்தான். நடைபாதையில் புள்ளியியல்காரர் ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் பேசலாமா? தனியா."

"வகுப்பு இருக்கு சார்." எனக்கு வகுப்பு இல்லை.

வாக்கெடுப்பில் நான்கு கைகள் உயர்ந்தன. அவர் கை மேசைமேலேயே இருந்தது. என்னைப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் நானும் அவரை நேருக்கு நேர் பார்த்தேன்.

அடுத்த வாரம் தலைவி கூப்பிட்டார். தேநீர் இல்லை.

"பொதுப் பாடத்தை நிரந்தர ஆசிரியர்களுக்குத்தாம்மா முதல்ல ஒதுக்கணும். அவங்களால நடத்த முடியாததுன்னாத்தான் வெளியாள். நம்ம துறையில ஒருத்தருக்கு வகுப்பு குறையுது, அவர் எடுத்துக்கட்டும்."

"இந்த விதியை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மேடம்."

"நீங்க கேக்கவே இல்லையே."

என்னைக் காப்பாற்றக் கூடியதை எல்லாம் என் கையாலேயே வெட்டியிருக்கிறேன். ஒருவர் தடுக்கத் தடுக்க வெட்டியிருக்கிறேன்.

மறுநாள் அந்த நிரந்தர ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"எனக்குத் தண்ணியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. இதை நடத்த ஏதாவது தெரிஞ்சிருக்கணுமா?"

"ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம்," என்றேன். "அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."