ராட்சதப் பல்லியின் கால்கள்

தலைமையாசிரியர் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. கடலிலிருந்து எழுந்து நகரங்களை மிதித்துத் துவைக்கும் அந்தப் பிரபலமான சினிமா ராட்சதப் பல்லியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். இனி எல்லாப் பாடத்தையும் அதை வைத்தே நடத்த வேண்டும், அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும் என்று உத்தரவு போட்டார். அவருக்கு அதற்குமுன் எந்தப் பாடத்திலாவது ஆர்வம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஆசிரியர்கள் தலையாட்டினார்கள், அதில் அவர்களுக்கு நல்ல பழக்கம். மொழி ஆசிரியர் ‘பல்லி பாலத்தை உடைத்தது’ என்று எழுதிப்போட்டு எழுவாய் எது என்று கேட்டார். வரலாற்று ஆசிரியர்தான் பாவம். எந்த அரசர் காலத்தில் அதை நுழைப்பது என்று தெரியாமல், கடைசியில் ஒரு கோட்டை இடிந்த பழியை அதன்மேல் போட்டுவிட்டார்.

அறிவியல் டீச்சருக்கு எரிச்சல் தாங்கவில்லை. இருந்தாலும் பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து, உள்ளங்கை அளவில் ஒரு பல்லி செய்யச் சொன்னார். வாலை ஊன்றி, இரண்டு காலில் ஜோராக நின்றது. அதே வடிவத்தில் முழங்கை உயரத்துக்கு இன்னொன்று செய்யச் சொன்னார். கையை எடுத்ததும் கால்கள் பிதுங்கி, பல்லி உட்கார்ந்துவிட்டது. உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், காலின் பலமோ நாலு மடங்குதான் கூடும் என்று விளக்கினார். சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி அன்று முதல்முறையாக ஜன்னலைப் பார்க்காமல் பாடம் கேட்டாள்.

பெற்றோர் கூட்டத்தில் மேடைச் சுவர் முழுக்கப் பல்லிப் படம். தலைமையாசிரியர் சுண்டெலியைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, நம் நண்பர் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று கேட்டார்.

“அது நெசத்துல எந்திரிச்சு நிக்கவே முடியாது சார். காலெலும்பு நொறுங்கிடும்.”

அரங்கமே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார், பல்லால் மட்டும்.

கூட்டம் முடிந்ததும் டீச்சரைத் தன் அறைக்கு அழைத்தார்.

“படத்துல நிக்குதுல்ல டீச்சர்?”

“படத்துல நிக்கும் சார்.”

“அப்புறம் உங்களுக்கு என்ன வந்துச்சு?”

மறுநாள் டீச்சருடைய வகுப்பு விளையாட்டு ஆசிரியர் கைக்குப் போனது. டீச்சர் ஆய்வகத்தில் குடுவைகளைத் துடைக்க அனுப்பப்பட்டார். பக்கத்திலேயே இருந்த அந்த வகுப்பில் பாடவேளை முழுக்கப் பல்லிப் படம் ஓடியது. அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே துடைப்பதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

ஆனால் பிள்ளைகள் விடவில்லை. இவ்வளவு பெரிய உடம்புக்கு மூச்சு எப்படிப் போதும், நெருப்பு கக்கினால் நாக்கு வேகாதா என்று விளையாட்டு ஆசிரியரைக் குடைந்தெடுத்தார்கள். ஒருநாள் அவரே ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

“எனக்கு விசில் ஊதத்தான் தெரியும் டீச்சர். இதுங்கள நீங்களே கட்டி மேய்ங்க.”

வகுப்பு திரும்பி வந்தது. தலைமையாசிரியர் பார்த்தும் பார்க்காதவர்போல் போனார். ஆண்டு விழாவிலோ, களிமண் பல்லி தன் சொந்தச் சிந்தனையில் உதித்தது என்று உருக்கமாகப் பேசினார். முன்வரிசை கைதட்டியது. அறிவியல் டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.