முதல் மிடறு

என் மனைவி யூலாலியாவின் அண்ணன் வீட்டு முற்றத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றேன். இரண்டு நாள் லாரியில் குந்தி வந்த அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் என்னோடு திரும்பி வருவாளா, மாட்டாளா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் நின்றேன்.

இரண்டு வருஷம் தெற்கே கொக்கோ தோட்டத்தில் களை வெட்டினேன். அதற்குள் ஊரில் என் அம்மா செத்துப்போனாள். பீட்டோ என்ற சோளக் கள் காய்ச்சாமல் எங்கள் ஊரில் ஒரு சாவுக் காரியமும் நடக்காது. சோளத்தை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, ராப்பகலாகக் காய்ச்சி, நாலு பானை பீட்டோவை யூலாலியா ஒருத்தியே இறக்கி வைத்து வந்தவர்களுக்கு ஊற்றினாள். மகன் நான் வரவில்லை. முதலாளி விடவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பாதிதான் உண்மை. வேலை போனால் போகட்டும் என்று கிளம்பியிருக்கலாம்.

காரியம் முடிந்த மறுவாரமே அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இங்கே அண்ணியோடு சேர்ந்து காய்ச்சி விற்கிறாள். நான் வரும் நாளை ஒரு லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். கிளம்புவதற்கு முன்பு என் தம்பி போனில் சொன்னான்: "அண்ணே, அவ கையால எதையும் வாங்கிக் குடிச்சிராத. சாவு வீட்டுல அவ உன்னப் பத்திப் பேசினத என் காதால கேட்டேன்." வழியெல்லாம் அது முள் மாதிரி குத்திக்கொண்டே வந்தது.

முற்றத்தில் மூன்று பெரிய பானைகள் அடுப்பில் கொதித்தன. அண்ணி பெர்பெத்துவா நீளக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடி பெஞ்சில் ஐந்தாறு ஆண்கள். சைக்கிள் ரிப்பேர் செய்யும் போனிபாஸ் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"வாய்யா தெற்கத்திக்காரா. ஆளே கொக்கோ கொட்டை மாதிரி காஞ்சி போயிருக்க."

"வெயிலு," என்றேன்.

"அங்க மட்டும்தான் வெயிலா? உன் பொண்டாட்டி இங்க என்ன நெழல்லயா இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். யூலாலியா சிரிக்கவில்லை. சுரைக்கிண்ணத்தில் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் முன்னோர்களுக்கு இரண்டு சொட்டு தரையில் விட்டு, ஒரு மிடறு தான் குடித்துவிட்டு நீட்டுவாள். பயப்படாதே, இதில் விஷம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். போனிபாசுக்கும் அப்படித்தான் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவனுக்கும் அப்படித்தான்.

என் முறை வந்தது. சொட்டு விட்டாள். வாய் வைக்காமல் நீட்டினாள்.

நுரை கலையாமல் அப்படியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. தம்பியின் குரல்தான் காதில் கேட்டது.

"நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு," என்றேன்.

பெர்பெத்துவாவின் கட்டை நின்றது.

போனிபாஸ் என் காதோரம் குனிந்தான். "டேய், அங்க போயி எல்லாத்தையும் மறந்துட்டியா? வீட்டு ஆம்பளைக்கு எவடா வாய் வச்சுக் குடுப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் அவள் எனக்கு ஒரு தடவைகூட வாய் வைத்துக் கொடுத்ததில்லை. அந்நியர்களுக்குத்தான் முதல் மிடறு. தெற்கே கண்ட இடத்தில் கண்டவர்களிடம் வாங்கிக் குடித்து, அந்நியனாகவே இருந்து பழகிவிட்டேன்.

யூலாலியா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இந்தாங்க," என்றாள்.

அவள் என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள். கோபத்திலும் நீதான். வாங்கிக் குடித்தேன். நல்ல பீட்டோ.

"யூலாலியா, தம்பி ஏதோ சொன்னான், அத வச்சு..."

"உங்க தம்பி சொல்லுவாரு. அத நம்பினது நீங்கதான?"

"தப்புதான். நம்ம வீட்டுக்கு வா."

பெர்பெத்துவா கட்டையை நீட்டிச் சுவரோரம் காட்டினாள். அங்கே ஒரு பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. கூடவே ஒரு துணி மூட்டை.

"உன்கூட வர்றதுக்கு விடியக்காலையிலயே கட்டி வச்சிட்டாய்யா. நான்கூட வைதேன், அவன் வந்து ரெண்டு வார்த்த பேசட்டும், அப்புறம் கட்டலாம்டின்னு. கேக்கல."

"அண்ணி, சும்மா இருங்க," என்றாள் யூலாலியா.

அவள் சுவரோரம் போய் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பாயை வெயிலில் விரித்தாள். முளைகட்டிய சோளக் கூடையைத் தூக்கி வந்து அதன்மேல் கவிழ்த்தாள். ஈரச் சோளம் குவியலாக விழுந்தது. அடுத்த முறை காய்ச்சுவதற்கான சோளம்.

நான் எழுந்து போனேன். பாயின் இந்தப் பக்கம் மண்டியிட்டு, குவியலை உள்ளங்கையால் பரத்த ஆரம்பித்தேன். இந்த வேலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இப்படித்தான் எதிரெதிரே உட்கார்ந்து பரத்துவோம்.

"விருந்தாளிங்க இதையெல்லாம் தொடக்கூடாது," என்றாள், நிமிராமல்.

கையை எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் ஏழெட்டு மணி ஒட்டிக்கொண்டிருந்தது, வால் விட்டாற்போல் முளையோடு. அதைத் திரும்பப் பாயில் போடலாமா, அதுவும் கூடாதா என்று தெரியாமல் கையை விரித்தபடியே இருந்தேன்.